உத்தரவு வரட்டும்னு இருந்தோம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மக தர்ஷிகா எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி எப்படி இருக்கு?

கொழும்புல கடைக்கு லீவு போட்டு, பொது நிர்வாகப் பட்டப்படிப்பு நேர்முகத்துக்குப் போனேன். வகுப்பு ஞாயித்துக்கிழமைதான், வேலையை விட வேணாம். ஏன் இந்தப் படிப்புன்னு கேட்டாங்க. சும்மா, புடிக்கும்னு சிரிச்சேன்.

வேற என்னத்தச் சொல்ல? மண்சரிவு அன்னைக்கு லயத்து வீட்டை விட்டுக் கெளம்பச் சொல்ற அதிகாரம் அரசாங்கத்துக்குன்னு தோட்டத்துத் தொரை சொன்னாரு. தோட்டத்துக்குத்தான்னு அரசாங்கத்துக் கிராம சேவகர் சொன்னாரு. உத்தரவு வரட்டும்னு நாம உள்ளேயே இருந்தோம். அம்மா மண்ணோட போயிட்டாங்க.

அம்மாவோடதுல மிச்சமான கம்பளியை பதுளை பஸ்ல குடுத்து விடுங்க. குளிருக்கு இல்ல, தலைக்கு வச்சுப் படுக்க.

முதலாளி கூப்பிடுறாரு. இனி மழை புடிச்சா யாரையும் கேக்காம லயத்தை விட்டுக் கோயிலுக்குப் போயிருங்கப்பா. யாரு உத்தரவுன்னு கேட்டா, என் மக உத்தரவுன்னு சொல்லுங்க.

தர்ஷிகா