நம் மாட்டுச் சாணியும் தீர்த்தகிரி வீட்டு அடுப்பும்

ஏரியூர்
12.2.1985

அன்புள்ள மகன் ராஜப்பனுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க மாதேஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தம்பி மாதப்பன் தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான், கட்டிலோரம் போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு நான் பார்க்கவில்லை என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது. உங்கள் அப்பா, மாதப்பன், உன் சித்தப்பா மகன் தீர்த்தகிரி, அவன் பெண்டாட்டி பாஞ்சாலி, சாணிக் குழி கட்டிய பாப்பாரப்பட்டி கொத்தனார் கவுஸ் பாஷா, மானிய ஆபீசர், நான்.

சாணியிலிருந்து காஸ் எடுத்து அடுப்பு எரிக்க சர்க்கார் மானியம் கொடுக்கிறது, குழி வெட்ட, இரும்பு டிரம் வாங்க, எல்லாவற்றுக்கும். போன ஆடியில் ஆபீசர் வீடு வீடாக மாடு எண்ண வந்தார். வெளியாளிடம் மாட்டுக் கணக்கை முழுசாகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்து நம் ஊரில் யார்தான் உள்ளதைச் சொல்கிறார்கள், உங்கள் அப்பாவும் ரெண்டுதான் என்று சொல்லிவிட்டு, நீ சந்தையில் பிடித்துக் கொடுத்த செவலையோடு மூன்று பசுவைத் தீர்த்தகிரி கொட்டகையில் கொண்டுபோய் மறைத்துக் கட்டினார். அந்தப் பயல் தன் ரெண்டு மாட்டோடு அதையும் தன் மாடு என்று காட்டி மானியம் வாங்கிக்கொண்டான். நம் வீட்டுக்கு மாடு போதாது என்று மானியம் இல்லாமல் போயிற்று. நான் அன்றைக்கே கத்தினேன், மாடுதான் திரும்பி வந்துவிட்டதே, காஸை அவன் எரித்துவிட்டுப் போகட்டும் என்றார் உங்கள் அப்பா. பாஞ்சாலி உன் கல்யாணத்தில் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவள், அவள் அடுப்பு எரிய நம் மாடு.

தை கடைசியில் ஆபீசர் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வந்தார். காஸ் சேர்ந்தால் மேலே எழும்ப வேண்டிய டிரம் எழும்பவே இல்லை. "ரெண்டு மாட்டுச் சாணி போட்டா எப்படிய்யா எழும்பும், மிச்ச மாட்டுச் சாணி எங்க?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். தீர்த்தகிரிக்கு முகம் கறுத்துப்போயிற்று, மாடு பெரியப்பன் கொட்டகையில் நிற்கிறது என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டு நேராக நம் கொட்டகைக்கு வந்தான், எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். மாதப்பன் குறுக்கே நின்றான். "ஆபீசரு வந்தா மாடு உன்னுது, புண்ணாக்கு வெக்கறப்ப மட்டும் எங்களுதா?" என்றான். கொத்தனார் சிரித்துவிட்டார். "சாணி கூடக் குடுக்க மனசில்லாத வூடு" என்று பாஞ்சாலி காறித் துப்பினாள். ஆபீசர் திண்ணையில் உட்கார்ந்திருந்த உங்கள் அப்பாவைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் பெரியவரே, யார் மாடு என்றார். உங்கள் அப்பா தரையைப் பார்த்தார். பிறகு, "தீர்த்தகிரி மாடுதானுங்க" என்றார்.

அவ்வளவுதான். தீர்த்தகிரி உன் தம்பியை நெஞ்சில் உதைத்துக் கீழே தள்ளினான். மாதப்பன் எழுந்து கடப்பாரையோடு ஓடி அவன் காஸ் குழாயை அடித்து ஒடித்தான். துரத்தி வந்த தீர்த்தகிரி கொடுவாளால் ஓங்கி வெட்டினான், மாதப்பன் கையை நீட்டித் தடுத்தான், வலது கையில் மூன்று விரல் சாணியில் விழுந்தது. நான் பாய்ந்து தீர்த்தகிரி தோளைக் கடித்தேன், சதை பிய்ந்துகொண்டு வந்தது. பாஞ்சாலி என் மயிரைப் பிடித்துச் சாணித் தொட்டியில் முகத்தை அழுத்தினாள், மூச்சு நின்றுபோகப் பார்த்தது. கொத்தனார்தான் அவளை இழுத்துத் தள்ளினார். "ஆயா, வுடுங்க, மொதல்ல ரத்தம் நிக்கட்டும்" என்று தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். விரல்களை நான் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனேன், டாக்டர் பார்த்துவிட்டு இது ஒட்டாது ஆயா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போலீஸ் விசாரித்தபோதும் உங்கள் அப்பா அதே வார்த்தையைத்தான் சொன்னார். மாற்றிச் சொன்னால் சர்க்காரை ஏமாற்றியதாகத் தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயம். இப்போது மாட்டைத் திருடி வைத்திருந்தவன், சர்க்கார் குழாயை உடைத்தவன் என்று உன் தம்பி மேல் கேஸ். தீர்த்தகிரி தன் பொருளைக் காப்பாற்றத்தான் வெட்டினான் என்று அவனை விட்டுவிட்டார்கள். தையல் பிரித்ததும் ஜெயிலுக்குக் கொண்டுபோவார்களாம். பசுக்களைத் தீர்த்தகிரி ஓட்டிக்கொண்டு போய்விட்டான், செவலை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. நான் சொன்னதை, பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்று தள்ளிவிட்டார்கள். கொத்தனார் சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறார், ஆனால் வீட்டு ஆண் ஒருத்தன் வந்து இது எங்கள் மாடு என்று சொல்ல வேண்டும் என்கிறார் வக்கீல். இருக்கிறவர் சொல்ல மாட்டார். நீதான் வர வேண்டும்.

லீவு கேட்டு உடனே புறப்படு. மருமகளைத் தனியாக விடாதே, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வா, பிள்ளைகளுக்குக் குளிரில் காதை மூடிவிடச் சொல். உங்கள் அப்பா தனியாகக் கடிதம் போட்டு, வராதே, பங்காளிக்குள் சமாதானமாகப் போய்விடலாம் என்பார், படித்துவிட்டு அடுப்பில் போடு. தீர்த்தகிரி ஆத்திரத்தில் வெட்டினான், அவனை ஒரு நாள் நானே பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையைக் கீழே உதைத்துத் தள்ளியபோதும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாதவரை என்ன செய்வது. நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அம்மா ராமக்காள்.

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து என் வாயால் சொல்லாத பேரை இங்கே கையால் எழுதுகிறேன். இந்த ஆளை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

மாதையன்.