சேந்தி கற்காமல் விட்ட மீதி

வாகை நாட்டின் ஆறுகளில் நீரும், களங்களில் நெல்லும், மன்றங்களில் நேர்மையும் குறைவின்றி நிற்க.

மேற்குமலை முதல் கீழ்க்கடல் வரை ஒரே ஆணை செலுத்தி, முறையிட வருவோர் வாய் திறக்கும் முன்னே செவி கொடுக்கும் பண்பினராய், பொன்வேலி மாநகரில் வீற்றிருக்கும் வாகையர்கோன் ஆதனழகப் பெருமானின் திருமுன்பு, துறைநாட்டு அதிகாரியாயிருந்து காலமான மருதங்கிழாரின் மனைவி அலர்நாச்சி வணங்கி எழுதும் ஓலை. தங்கள் கோயிலும் அவையும் குடிகளும் நலமுடன் விளங்குக. இங்கே நோய் தணிந்துவிட்டது. எஞ்சியவர்கள் நலமாக இருக்கிறோம்.

சென்ற தைத் திங்களில் தங்கள் அவையத்தார் எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் ஒரு வினா விடுத்திருந்தனர். ஒரு குடி தன் பிள்ளையைப் பொன்வேலிக் கடிகைக்கு அனுப்பி உயர்கல்வி கற்பிக்கச் செலவிடும் பொருள், அப்பிள்ளை பட்டம் பெற்றபின் ஈட்டும் கூடுதல் ஊதியத்தால் ஈடாகின்றதா என்பது அந்த வினா. என் கணவர் அதற்கு விரிவான விடை எழுதி வைத்திருந்தார். அதிகாரியாயிருந்து இறந்தவரின் ஓலைகளையும் முத்திரையையும் அவருடனே எரியூட்டுவது இந்நாட்டு வழக்கமாதலால் அந்த விடை இப்போது இல்லை. அவர் வாய்வழிக் கேட்டதையும் நானே கண்டதையும் நினைவிலிருந்து எழுதுகிறேன். கடிகையில் பாதியில் நின்ற ஒரு பெண் மீண்டும் அதன் வாயில் ஏறுவாளா மாட்டாளா என்பது இந்த ஓலையால் முடிவாக வேண்டியிருக்கிறது. ஆகவே அவள் வழியாகவே விடை சொல்கிறேன்.

அவள் பெயர் சேந்தி. எங்கள் துறையில் ஓடம் விடும் நக்கனுக்கும் நீலிக்கும் மகள்.

துறை மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தச் செய்தி விளங்காது. எங்கள் ஆற்றில் மலைமழைக்கு ஒருமுறையும் கார்த்திகை மழைக்கு ஒருமுறையும் வெள்ளம் வரும். இடையில் மணல்தான், ஓடம் கரையில் கிடக்கும். ஆகவே ஓடக்காரர்கள் ஒவ்வொரு வெள்ளத்தையும் ஓராண்டு என்றே எண்ணுவர். அவர்களுக்கு ஐம்பது வயதானால் நூறு என்பார்கள். நூற்றுப் பத்து வயதுக்காரர் துடுப்புப் போடுவதைக் கண்டு கைகூப்பிய வெளியூர்ப் பயணிகளை நானே பார்த்திருக்கிறேன். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்கு முப்பத்தாறு என்று கேட்டு, கொடுத்த பானகத்தைக் குடிக்காமல் எழுந்து போனதும் உண்டு.

கடிகையின் அறிவிப்பு துறையில் வாசிக்கப்பட்டது. மருத்துவக் கல்வி ஆறாண்டு; உணவுக்கும் உறைவிடத்துக்கும் திங்கள்தோறும் இவ்வளவு நெல்; பட்டம் பெற்றால் அரசு ஆண்டுதோறும் அளிக்கும் ஊதியம் இவ்வளவு. நக்கன் கேட்டுக்கொண்டான். ஆறாண்டு என்றால் அவனுக்கு ஆறு வெள்ளம். ஆண்டூதியம் என்றால் வெள்ளத்துக்கு ஒருமுறை. போகும் நெல் பாதியாகவும் வரும் நெல் இரட்டிப்பாகவும் அவன் மனத்தில் பதிந்தது. துறையில் யாரும் திருத்தவில்லை, எல்லோரும் அப்படியே எண்ணியதால்.

பெரிய செலவு எதுவானாலும் துறையார் தராசு கட்டி உறவினரைக் கூட்டுவர். போவதற்கு ஒரு தட்டு, வருவதற்கு ஒரு தட்டு; கூழாங்கல்தான் எடை. என் கணவரை அழைத்திருந்தார்கள், நானும் சென்றிருந்தேன்; கற்களையே பார்த்தோம், அவை எந்த ஆண்டைக் குறித்தன என்று கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வருகின்ற தட்டு தரையைத் தொட்டது. ஆனாலும் நீலியின் அண்ணன் காரி ஒப்பவில்லை. "பொம்பளப் புள்ளைக்காக ஓடத்த விக்கிறியா மச்சான்? நாளைக்கு ஆத்தக் கடக்க அவ முதுகுல ஏறிப் போவியா?" என்றான். "எதுக்கு அவ முதுகு? உன் முதுகுதான் அகலமா கெடக்கே அண்ணே" என்றாள் நீலி. கூட்டம் சிரித்துக் கலைந்தது. நக்கன் தன் இரண்டு ஓடங்களில் பெரியதை விற்று, ஆறு வெள்ளத்துக்கு உரிய நெல்லைக் கடிகைக் களஞ்சியத்தில் ஒரே முறையில் அளந்தான்.

மூன்று ஆண்டு கழிந்தது. பணியாரமும் புதுச் சேலையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மகளை அழைத்துவர நக்கன் பொன்வேலிக்குப் போனான். வாயிற்காவலர் வயிறு குலுங்கச் சிரித்து, "இன்னும் மூணு வருசம் கழிச்சு வாங்க ஐயா, வேற பணியாரத்தோட. இத நான் பாத்துக்கிறேன்" என்றாராம். அப்போதுதான் நக்கனுக்குத் தன் கணக்கு புரிந்தது. சேந்தியோ, கடிகையின் ஓராண்டு இரண்டு வெள்ளம் என்பதைச் சேர்ந்த நாளே அறிந்தவள். தகப்பன் தெரிந்தே அனுப்பினான் என்று நம்பியிருந்தாள். அவன் அந்த நம்பிக்கையைக் குலைக்கவில்லை. "சந்தைக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்" என்று சொல்லிச் சேலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். பணியாரத்தில் காவலர் மிச்சம் வைத்தது கொஞ்சம்தான்.

மறுபடி தராசு கட்டினார்கள், இம்முறை சரியான கணக்கோடு. வருகின்ற தட்டு வானத்தில் நின்றது. காரி மகிழ்ந்தான் என்று சொல்லமாட்டேன். மச்சானின் முகத்தைப் பார்த்து அவன் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "சரி விடு மச்சான். புள்ளையக் கூட்டிட்டு வந்துரு. இருக்கிற சின்ன ஓடமாவது மிஞ்சும்."

நக்கன் தராசருகே வந்து குந்தினான். பிறகு, "பெரிய ஓடத்துக்கு வச்ச கல்ல எல்லாம் எடுத்துக் கீழ போடு. அது போனது போனதுதான், படிச்சாலும் வராது, படிக்காட்டியும் வராது. இனிமே போற கல்லும் இனிமே வர்ற கல்லும் மட்டும் தட்டுல இருக்கட்டும்" என்றான்.

அப்படியே செய்தார்கள். தட்டுகள் மெல்ல ஆடி ஏறக்குறையச் சமமாக நின்றன. "உன் கையில கல்லக் குடுத்தது என் புத்தி" என்று சொல்லிக் காரி துண்டை உதறி எழுந்தான். இழந்ததை எண்ணி மேலும் இழக்கவும் இல்லை, இழந்ததற்கு அஞ்சி எஞ்சியதை விடவும் இல்லை, அந்த ஓடக்காரன் என்று என் கணவர் அன்று வீடு வரும் வழியெல்லாம் வியந்து பேசினார். நக்கன் சிறிய ஓடத்தையும் விற்றான். விற்ற ஓடத்திலேயே கூலிக்குத் துடுப்புப் போட்டான்.

அந்த நெல் இன்னும் ஓராண்டுக்குத்தான் போதுமாயிருந்தது. நான்காம் ஆண்டின் முடிவில் ஒரு வணிகர் வாயிலாகத் தகப்பனின் நிலையைக் கேட்டறிந்த சேந்தி, யாரிடமும் விடை பெறாமல் கடிகை வாயிலைக் கடந்து ஊர் வந்துவிட்டாள். மகளைத் துறையில் கண்ட நக்கன், "நாடி பாக்க வந்தியா, இல்ல என் நாடிய நிறுத்த வந்தியா?" என்று கத்தினான். "மொதல்ல கையக் காட்டுங்கப்பா, கொப்புளத்தப் பாப்போம்" என்றாள் அவள். பட்டம் இல்லாதவளுக்கு மருத்துவ ஊதியம் இல்லை. போன நெல் போனதாகவும் வரவேண்டிய நெல் வராததாகவும் அந்த வீடு நின்றது.

இவ்வாண்டு மலைமழையின் முதல் நீரோடு வாந்திபேதி வந்தது.

சேந்தி துறைக் கிணற்றை மூடச் சொன்னாள். நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் செய்தாள். "வெந்நி குடிக்கவா ஆத்தோரம் பொறந்தோம்?" என்று முனகியவர்களின் முன்னால் செம்போடு நின்று, குடித்து முடிக்கும் வரை நகரவில்லை. கஞ்சித் தெளிவில் உப்பும் வெல்லமும் கரைத்து, வாந்தி எடுக்க எடுக்க மீண்டும் கொடுத்தாள். அவ்வாறு எழுந்தவர்கள் துறையெங்கும் நடமாடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

என் கணவரும் என் மகன் இளஞ்சாத்தனும் தொலை ஊர்களில் நோயாளிகளைப் பார்வையிட்டு, தாங்களே நோயுற்றுத் திரும்பி வந்தார்கள். வீடு சேரும்போதே நாடி விழுந்துவிட்டது. சேந்தி இருவர் நடுவிலும் அமர்ந்து இரு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது செய்யம்மா என்று கேட்டேன். "நாடி விழுந்த பொறவு என்ன செய்யணுங்கிறது கடைசி ரெண்டு வருசத்துப் பாடம் அம்மா. நான் அது வரைக்கும் போகல" என்றாள். ஏதோ ஒரு பச்சிலையை அரைத்து மருந்தென்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவளுக்கும் அது எளிதாயிருந்திருக்கும். அவள் அதைச் செய்யவில்லை. கஞ்சித் தெளிவைத் துளித்துளியாக உதட்டில் விட்டுக்கொண்டே இருந்தாள், இருவரும் போகும் வரையில். அவள் முழுதும் கற்றிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லக் கற்றவர் இந்நாட்டில் ஒருவரும் இல்லை.

பெருமானே, அவையத்தாரின் வினாவுக்கு என் விடை இது. நக்கனின் வீட்டை மட்டும் வைத்து நிறுத்தால், பட்டம் பெற்றாலும் சேந்தியின் தலை நரைக்கும் காலத்தில்தான் இரண்டு ஓடங்களும் மீளும். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் வருகின்ற தட்டில் அவள் ஊதியத்தை மட்டுமே வைத்தோம். நான் உயிரோடிருப்பதை எவரும் அந்தத் தட்டில் வைக்கவில்லை. போகின்ற தட்டில் நானும் ஒரு கல்லும் வைத்ததில்லை. ஓடத்தை ஒரு வீடு விற்றது. பலன் துறை முழுவதற்கும் வந்தது. ஆகவே செலவையும் துறை முழுவதும் ஏற்பதே முறை என்று எண்ணுகிறேன்.

இளஞ்சாத்தனின் கல்விக்கென என் கணவர் ஒதுக்கியிருந்த மேலைவயலைச் சேந்தியின் எஞ்சிய கல்விக்கும், அவளுக்குப்பின் துறையிலிருந்து கடிகைக்குச் செல்வோர்க்கும் எழுதிவைத்துவிட்டேன். நக்கன் முதலில், "இனாம்னா வேண்டாம் தாயி" என்றான். இனாம் அன்று, நான் வைக்கத் தவறிய கல் என்று விளக்கிய பின்பு ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டு, "ரெண்டு வருசம்னா உங்க வருசமா, எங்க வருசமா தாயி?" என்று கேட்டான். நோய்க்குப்பின் அன்றுதான் சிரித்தேன். இனிக் கடிகை அறிவிப்புகளில் ஆண்டு என்னாது பன்னிரண்டு திங்கள் என்றே எழுத ஆணையிட வேண்டுகிறேன்.

விடைபெறாது வெளியேறியவர் மீண்டும் கடிகை வாயில் ஏறலாகாது என்பது விதி. அதைத் தளர்த்தும் உரிமை தங்கள் ஒருவருக்கே உண்டு. மீண்டும் போவாயா என்று சேந்தியிடம் ஒருமுறை கேட்டேன். "கேக்காதீங்கம்மா. கேட்டா ஆசை வந்துரும்" என்றாள். அதன்பின் நான் கேட்கவில்லை; வயல் எழுதியதையும் அவளிடம் சொல்லவேண்டாமென்று நக்கனிடமும் காரியிடமும் கூறியிருக்கிறேன்.

என் கணவரின் முத்திரை அவருடன் எரிந்தமையால் என் கணையாழியை அரக்கில் பதித்திருக்கிறேன். சான்றாகத் துறையாரின் சார்பில் காரி துடுப்புக் குறி கீறியிருக்கிறான். தங்கள் ஆணை ஆற்றுநீர்போல் எல்லாக் கரைக்கும் எட்டுக. தங்கள் நிழலில் வாழ்வோர் எண்ணிக்கை பெருகுக.

இந்த ஓலையைச் சுமந்து திருவாயிலில் நிற்பவள் சேந்தி. அவையத்தாருக்கு விடை கொண்டு வருவதாக மட்டுமே அவள் அறிவாள். மறுமொழியைத் துறைநாட்டுக்கு வேறொருவர் கையில் அனுப்பியருள்க.