அத்தான் கட்டிய பந்தயம்

ஷார்ஜா,
20.06.1986, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி இராஜரத்தினத்துக்கு,

இங்கே நாங்கள் உடம்புக்குச் சுகம். நீங்களும் லண்டனில் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நீ அனுப்பிய பேப்பர் துண்டைக் கிழித்துக் குப்பை வாளியில் போட்டேன். தேநீர்கூட அதற்குப் பிறகுதான் வைத்தேன். அடுத்த சீசனில் எந்த உதைபந்தாட்டக் கழகம் சாம்பியனாகும் என்று பந்தயக் கடைக்காரர்கள் போட்ட விலைகள்; ஒரு பவுண் கட்டினால் எத்தனை பவுண் கிடைக்கும் என்ற கணக்கு. அதில் லிவர்பூலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "அத்தான், கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்" என்று எழுதியிருந்தாய். உலகக் கோப்பையே இன்னும் முடியவில்லை, அதற்குள் உங்களுக்கு அடுத்த சீசன்!

நீ விளையாட்டாக எழுதியது இங்கே செய்த வேலையைக் கேள். நேற்றுப் பின்னேரம் உன் அத்தானோடு ஸ்டோரில் வேலை செய்யும் வெங்கட்ராமனும், டிரைவர் கார்மேகமும் வந்திருந்தார்கள். நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

வெங்கட்ராமன் மதராஸ்காரர். "சார், லிவர்பூல் இந்த வருஷம் ஜெயிச்சாச்சு. அந்தப் பேருக்குத்தான் விலையைக் குறைச்சு வச்சிருக்கான். எவர்ட்டனைப் பாருங்கோ" என்றார். அத்தான் விடவில்லை. "விசர்க்கதை கதையாதையும். விலை குறைவெண்டா வெற்றி நிச்சயம். என்ர மச்சான் லண்டனில இருந்தெல்லோ எழுதியிருக்கிறான்" என்றார். "அவ்வளவு நிச்சயம்னா கட்டுங்களேன்" என்று வெங்கட்ராமன் சீண்டினார்.

இங்கே காசு வைத்துப் பந்தயம் பிடித்தால் விசாவை ரத்துச் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கார்மேகம் வழி சொன்னான்: "காசு மாஃபி, காசே வேணாம்ணே. லீவைக் கட்டுங்க. லீவைப் பிடிக்க எந்தப் போலீசு வருவான்?" மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கையும் கொடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டோரில் அத்தானும் வெங்கட்ராமனும் ஒன்றாக லீவு போக முடியாது. ஓகஸ்ட் லீவு ஒரு வருடம் ஒருவருக்கு, மறு வருடம் மற்றவருக்கு. இந்த முறை வெங்கட்ராமன் போகிறார். அடுத்த ஓகஸ்ட் அத்தானுடையது. எவர்ட்டன் வென்றால் அதுவும் வெங்கட்ராமனுக்குப் போய்விடும். லிவர்பூல் வென்றால் அதற்கடுத்த ஓகஸ்டும் அத்தானுக்கு.

அடுத்த ஓகஸ்டில்தான் என் மகள் வதனி சோதனை எழுதி முடிக்கிறாள். தானே யாழ்ப்பாணத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவதாக அப்பா அவளுக்கு எழுதியிருக்கிறார். ஷெல் அடிக்கும்போது விடுதிப் பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே படுக்கிறார்களாம். போன கடிதத்தில் அதைப் பகிடியாக எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னறைக்குப் போய், "அப்ப வதனியை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?" என்று அத்தானைக் கேட்டேன். "நீர் சும்மா இரும், கொழுந்து. தோக்கிற ஆட்டமில்லை இது" என்றார். நான் கணிதம் படித்தவள், தம்பி. விலை குறைவு என்றால், அது வெல்லும் என்று கூடுதலான பேர் நம்புகிறார்கள், அவ்வளவுதான். அதைச் சொன்னதற்கு "படிச்ச திமிர்" என்றார், அந்த இருவருக்கும் முன்னால். கார்மேகம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீன் கருகிவிட்டது.

அவர் தோற்றுவிடுவாரே என்பதல்ல என் கோபம். லிவர்பூலே வெல்லட்டும். தன்னுடைய லீவைக் கட்டியதாக அவர் நினைக்கிறார். அது வதனியுடையது. வெற்றி நிச்சயம் என்று நம்பிவிட்டால் பிள்ளையையும் கொண்டுவந்து பந்தயத்தில் வைக்கலாம் என்று ஒரு மனிதனுக்கு எப்படித் தோன்றுகிறது? உன்னைக் கேட்கவும் எனக்குக் கேள்வி இருக்கிறது. கடைசியாக வந்த உன் கடிதங்களில் உன் மருமகள் வதனியைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

தனியே யாழ்ப்பாணம் போகக்கூடாது, வழியெல்லாம் ஆமிக்காரர் நிற்கிறார்கள் என்று அத்தான் சொல்ல, இவ்வளவு காலமும் நானும் ஓம் என்றிருந்தேன். நான் வேலை செய்யும் பள்ளிக்கூடம் யூலையில் கோடை விடுமுறைக்கு மூடுகிறது. என் சம்பளத்தில் டிக்கெட் எடுப்பேன். வதனியைக் கொழும்புக்குக் கூட்டிவந்து, வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து, அவள் சோதனை முடியும்வரை அவளோடு இருக்கப்போகிறேன். திரும்பி வருவதா என்பதை அதற்குப் பிறகு யோசிப்பேன். இதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடும்வரை உனக்கும் சொல்லவில்லை என்றுதான் கணக்கு.

தயவுசெய்து அத்தானுக்கு எழுதிவிடாதே. உன் பிள்ளைகள் இரண்டும் நீ கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்திலேயே வளரட்டும்.

உன் அக்கா,
சிவகொழுந்து