பதினொரு நாள் வழி

1936 மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் பாரம் வகுப்புக்கு இன்று வேதபாடத்தையும் பூகோளத்தையும் சேர்த்தே நடத்தினேன். இஸ்ரவேலர் எகிப்தை விட்டுக் கானானுக்குப் போன வழியைக் கரும்பலகையில் வரைந்தேன். செங்கடல், சீனாய், காதேஸ். கோடு திரும்பித் திரும்பி வந்து, கடைசியில் கோழி கிளறிய மண் மாதிரி ஆகிவிட்டது. ஓரேபிலிருந்து காதேஸ் எத்தனை நாள் நடை என்று ஒருத்தி கேட்டாள். பதினொரு நாள் என்றேன். உபாகமத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. "அப்ப ஏன் டீச்சர் நாப்பது வருஷம்?" வகுப்பு சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. உபதேசியார் வீட்டில் பிறந்து, தவழும்போதே கேட்ட கதை. நாற்பத்தெட்டு வயதில்தான் உறைக்கிறது. பதினொரு நாள் வழிக்கு நாற்பது வருஷம் எடுத்துக்கொண்ட வழிகாட்டியை யார் மறுமுறை கூப்பிடுவார்கள்?

மார்ச் 5, வியாழன்

ஆசிரியைகள் ஜெபக்கூட்டத்தில் இதை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். ஒரு பாட்டுப் பாடினார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வாசலில் உபதேசியார் மலையாண்டி. சோழவந்தான் பக்கத்துக் கிராமங்களில் ஊழியம் செய்பவர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவருக்குப் பின்னால் சுருளி என்று ஒருவன், அவன் அக்காள் ஒச்சாயி. தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் வெற்றிலைக் கொடிக்கால் வேலை செய்தவர்கள்.

சுருளி தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறான். அதற்காகப் பண்ணையார் ஒரு பகல் முழுவதும் அவனைத் தென்னை மரத்தில் கட்டி வைத்திருக்கிறார். மறுநாள் விடிந்ததும் பதினான்கு குடும்பங்கள் சட்டி பானையோடு கிளம்பிவிட்டன. பன்னிரண்டு மைல் நடந்து, இப்போது மதுரை வைகை மணலில் இருக்கிறார்கள்.

போதகர் சாந்தமாகக் கேட்டார். "திரும்பிப் போங்க. நான் பண்ணையார்கிட்டப் பேசுறேன். அதுக்காக ஜெபம் பண்ணுவோம்."

"பேசுங்க ஐயா," என்றாள் ஒச்சாயி. "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்குன இருக்கட்டும்?"

"என் நிலத்தில்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது.

மார்ச் 10, செவ்வாய்

அலங்காநல்லூருக்கு மேற்கே அப்பா வாங்கிப் போட்ட ஒன்பது ஏக்கர் புஞ்சை. ஆவாரஞ்செடியும் கள்ளியும் கல்லும். கிணறு கிடையாது. நேற்று அவர்கள் மணலிலிருந்து பத்து மைல் நடந்து வந்தார்கள். எனக்கு மட்டும் மாட்டுவண்டி. இஸ்ரவேலருக்கு வழிகாட்டி மேகஸ்தம்பம் முன்னால் போன கதையை உபதேசியார் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"உபதேசியாரே," என்றாள் ஒச்சாயி, "அம்புட்டு வருசம் சுத்த விட்டாரே, ஒங்க சாமிக்கு வழி தெரியாதா?"

"வழி தெரியும் ஆத்தா. ஆளுகதான் பேச்சுக் கேக்கல."

"அப்ப எங்க பண்ணையாரு மாதிரிதேன். எல்லாத் தப்பும் ஆளுக மேல."

நான் வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

இன்று காலை சிரிப்பு போய்விட்டது. மேற்கே வானத்தில் ஒரு புகை நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. சுருளி அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அது எங்க பண்ணையாரு அரிசி மில்லுல்ல," என்றான்.

ஐந்து மைல். வைகையை ஒட்டிக் கிழக்கே ஓடிவந்தவர்களை வடமேற்கே நடத்தி, பழைய வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். இருபத்துநான்கு வருஷமாகப் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த நிலத்துக்கு இதற்கு முன் வந்தது இரண்டே முறை. கரும்பலகையில் நான் வரைந்த அந்தக் கிறுக்கல் கோடு — இப்போது யார் போட்டது?

மார்ச் 15, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. கிணற்றுக்கு இடம் குறித்தோம். இரவல் வாங்கி வந்த மண் சாஸ்திரப் புத்தகத்தை வைத்துச் சரிவு பார்த்து, நிலத்தின் நடுவில் ஓர் இடம் சொன்னேன். ஜெபம் பண்ணிவிட்டு இடம் குறிக்கலாம் என்றார் உபதேசியார். குறித்த பிறகு வேண்டுமானால் பண்ணுங்கள் என்றேன். பண்ணினார். நீளமாக.

மார்ச் 22, ஞாயிறு

பண்ணைக் காரியக்காரர் முத்திருளன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம். மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். ஒரு வார்த்தை மிரட்டவில்லை.

"பழைய வீடு அப்படியேதேன் கெடக்கு. வாய்க்கா நெறையத் தண்ணி ஓடுது. இந்தப் பொட்டக் காட்டுல என்னத்தத் திம்பீக? டீச்சரம்மா பாடம் நடத்துவாக, அதத் திம்பீகளா?"

என்னைப் பார்த்துக் கும்பிட்டும் வைத்தார்.

வனாந்தரத்தில் ஜனங்கள் எகிப்தின் வெங்காயத்தை நினைத்து அழுத இடத்தைச் சிறு வயதில் கேட்டு அவர்களை இளப்பமாக நினைத்திருக்கிறேன். அதை எழுதியவனுக்குப் பசி தெரிந்திருக்கிறது. மூன்று குடும்பங்கள் வண்டிக்குப் பின்னாலேயே போய்விட்டன. அவர்களில் மருது என்பவன் மட்டும் என்னிடம் வந்து நின்றான். "கைப்பிள்ளக்காரி இருக்காம்மா," என்றான். போய் வா என்றேன்.

மீதி வெங்காயத்தை ஒச்சாயி பொறுக்கி எடுத்துக் குழம்பு வைத்தாள். "வெங்காயம் என்ன பாவம் பண்ணுச்சு," என்றாள்.

ஏப்ரல் 18, சனி

பள்ளி நிர்வாகத்திடமிருந்து கடிதம். விடுதிக்கு வருஷந்தோறும் அரிசி அனுப்புகிறவர் அந்தப் பண்ணையார்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. இரண்டு காரியம் கேட்கிறார்கள். அந்தக் குடும்பங்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஜெபக்கூட்டத்தில் நான் கேட்டதற்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

பாவம், கடவுளையும் பண்ணையாரையும் ஒரே காகிதத்தில் காப்பாற்ற வேண்டியிருக்கிறது அவர்களுக்கு.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதில் எழுதினேன். "இரண்டும் முடியாது." நான்கு முறை நீளமாக எழுதிக் கிழித்த பிறகு மிஞ்சியது அவ்வளவுதான்.

மே 10, ஞாயிறு

விடுமுறை தொடங்கியதிலிருந்து இங்கேயே ஓலைக் கொட்டகையில் இருக்கிறேன். நான்கு ஆள் ஆழத்தில் பாறை. கடப்பாரை பட்டால் தீப்பொறி பறக்கிறது, ஈரம் இல்லை. பக்கத்துக் கண்மாயும் வற்றிவிட்டது. பெண்கள் இரண்டு மைல் போய்க் குடம் சுமக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கிணற்றில் இவர்களை இறைக்க விடுவதில்லை. மனம் வந்தால் அவர்களே இறைத்து ஊற்றுகிறார்கள். மனம் எல்லா நாளும் வருவதில்லை.

முறுமுறுக்கிறார்கள். வேதத்தில் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் ஜனங்கள் குற்றவாளிகள். இங்கே கேட்கும்போது அது தாகத்தின் சத்தம், வேறொன்றும் இல்லை.

மே 12, செவ்வாய்

சுருளி பானைகளைக் கட்டிவிட்டான். அவனே. மரத்தில் கட்டி வைக்கப்பட்டவனே. அவன் போனால் மிச்சப் பத்துக் குடும்பமும் போகும், அவன் மகளின் படிப்பும் போகும்.

எல்லாரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பேச வராது. வகுப்பில் தவிர நான் யாரிடமும் நீளமாகப் பேசியதில்லை. நின்று சொன்னேன். இடம் குறித்தது நான். தப்பாகப் போய்விட்டது. இந்த நிலத்துக்குக் கொண்டுவந்ததும் நான். அந்தப் புகை தெரியும் என்று எனக்குத் தெரியாது. தூரமாக எங்காவது கொண்டுபோயிருக்க வேண்டும். உங்களைத் தடுக்க எனக்கு வாய் இல்லை.

ஒச்சாயி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். தம்பியிடம் பேசினாள்.

"ஏலேய் சுருளி. தூரமாப் போயிருந்தா வெங்காயம் மட்டுந்தேன் ஞாபகம் இருந்துருக்கும். தெனம் எந்திரிச்சு அந்தப் பொகையப் பாக்கைலதேன் எனக்குத் தென்னமரம் ஞாபகத்துக்கு வருது. நான் அதுக்கு முதுகக் காட்டி உக்காந்துதேன் கஞ்சி குடிக்கிறேன். நீ மூஞ்சியக் காட்டி உக்காந்துருக்க. அதேன் ஒனக்குத் தெச மாறிப்போச்சு. திரும்பி உக்காரு."

யாரோ சிரித்தார்கள். சுருளி சிரிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்தான்.

உபதேசியார் மெதுவாகச் சொன்னார்: "மேகஸ்தம்பம் ஒரு தடவ பின்னாடியும் நின்னுருக்குதும்மா. செங்கடல்கிட்ட."

அப்படி எதுவும் இல்லை என்றேன். கொட்டகைக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. முன்னால் போன மேகம் விலகிப் பின்னால் வந்து, எகிப்தியருக்கும் இவர்களுக்கும் நடுவில் நின்றது. எத்தனை முறை பாடம் நடத்தியிருக்கிறேன். எரிச்சலாக வந்தது. அது காவலுக்கு நின்ற மேகம், இது மில் புகை. இரண்டும் ஒன்றல்ல என்று நாளைக்கு அவரிடம் சொல்ல வேண்டும்.

மே 13, புதன்

சொல்லவில்லை. கூடை சுமக்கிற வேலை இருந்தது.

மே 17, ஞாயிறு

இது ஜெபம் அல்ல. அறிவிப்பு. நீர் இருக்கிறீரா என்று நான் கேட்கப் போவதில்லை. அந்த வழக்கு அப்படியே கிடக்கட்டும். ஆனால் இந்தப் பதினொரு குடும்பத்தையும் பாறையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு ஜனங்கள் பேச்சுக் கேட்கவில்லை என்று யாரிடமாவது எழுதச் சொன்னால் — நான் பார்த்துக்கிட்டிருக்கேன். நானும் எழுதுவேன். தேதி போட்டு எழுதுவேன்.

ஜூன் 1, திங்கள்

பள்ளிக்கூடம் இன்று திறந்தது. எனக்கு அங்கே வேலை இல்லை. பத்து மணிக்குக் கை தானாகச் சாக்கட்டியைத் தேடியது.

சுருளியின் மகளும் இன்னும் ஆறு பிள்ளைகளும் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். யார் அனுப்பியது என்று கேட்கவில்லை. பாடம் தொடங்கினேன்.

ஜூன் 11, வியாழன்

உபதேசியார் கால் மேல் கல் விழுந்து இரண்டு விரல் நசுங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு மேட்டில் உட்கார்ந்து கயிறு இழுக்கிறார். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்குதும்மா," என்றார். வசனம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

ஜூன் 27, சனி

ஈரம்.

ஜூலை 2, வியாழன்

பாறையின் கிழக்குப் பிளவிலிருந்து ஊறுகிறது. முழங்கால் அளவு தண்ணீர். சுருளிதான் முதலில் குடித்தான். முகத்தைச் சுளித்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் குடித்தேன். உப்பு.

உபதேசியார் வாயைத் திறந்தார். மாராவின் கசந்த தண்ணீரைப் பற்றித்தான் சொல்ல வருகிறார் என்று தெரிந்தது. "வேண்டாம்," என்றேன். "சரிம்மா," என்றார்.

"கம்புக்கு உப்பு போட வேண்டியதில்ல," என்றாள் ஒச்சாயி. இரண்டாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

இரண்டு மழை. கம்பு கணுக்கால் உயரம். எங்கள் கிணறு உப்பு என்று பண்ணை வரைக்கும் பேச்சாம். போதகர் கடிதம் எழுதியிருக்கிறார்: நான் வருத்தம் தெரிவித்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். காகிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பிள்ளைகளுக்கு மதுரை ஜில்லா வரைபடம் போட உதவியது.

அக்டோபர் 4, ஞாயிறு

காலை ஒன்பது மணி இருக்கும். பள்ளிக்கூடத் தட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். மேற்கு வரப்பில் தலைச்சுமையோடு ஆட்கள் தெரிந்தார்கள். ஐந்து குடும்பங்கள். முன்னால் வந்தவள் எனக்குத் தெரியாத பெண். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு கோழி. கடைசியில் மருது, தலை குனிந்து வந்தான். மார்ச்சில் வெங்காய வண்டிக்குப் பின்னால் போனவன். ஒச்சாயி அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "கைப்பிள்ள வளந்துட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து மைல். இரண்டு மணி நேர நடை. கிளம்புவதற்கு அவனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கரும்பலகையில் இதையும் சேர்த்து வரைய எனக்குத் தெரியவில்லை.

ஒச்சாயி நீர் இறைத்து அந்தப் பெண்ணின் கையில் ஊற்றினாள். வழி நெடுக இரண்டு குடும்பம் அவளோடு முன்னால் நடந்திருக்கிறது. மருதுவும் மற்றவர்களும் வெகு தூரம் பின்னால் வந்திருக்கிறார்கள். வழியில் கேட்க ஆள் கிடையாது. எப்படி வழி தெரிந்து வந்தாய் என்று கேட்டேன்.

அவள் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். கிணற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தாள்.

"பொகைக்கு முதுகக் காட்டி நடந்துக்கிட்டே இரு, தண்ணி எங்க உப்புக் கரிக்குதோ அதேன் எடம்னு மருதண்ணே சொல்லுச்சு."