கடைமடைப் பூச்சிகள்

என் செல்லச் சின்னவளே, சுகந்தி,

இந்த வருஷம் நம் வீட்டில் பொங்கல் இல்லை. அத்தை மட்டும் தினமும் முதல் டிகாஷனில் காபி கலந்து உன் படத்துக்கு முன்னால் வைக்கிறார். எனக்கு இரண்டாவது டிகாஷன். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு மருமகள்களில், போய்ச்சேர்ந்தவளுக்கு ஸ்ட்ராங் காபி, இருப்பவளுக்குத் தண்ணிக் காபி. பொறாமையாகத்தான் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது தாராசுரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ லேப்டாப்பைத் திறந்தாயே, அன்றைக்கே ஆரம்பித்தது இது. கம்ப்யூட்டருக்குள் வாழும் பூச்சிகள் என்றாய். ஒவ்வொன்றும் ஒரு குட்டி புரோகிராம். தின்னும், தன்னைப் போலவே இன்னொன்றை எழுதிக்கொள்ளும், எழுதும்போது தப்பு விடும், சில தப்புகள் தாயைவிடக் கெட்டிக்காரக் குட்டியாகிவிடும். “வயல்ல இதைப் பார்க்க ஆயுசு போதாதுக்கா. இதுல காபி ஆறுறதுக்குள்ள பார்த்துடலாம்” என்றாய்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். முழங்கால் சேற்றில் நின்று வலைவீசிப் பிடித்து வந்த என் பூச்சிகளை அத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. “கொல்லைப்பக்கம் வைம்மா, நாத்தம் தாங்கல” என்பார். உன் பெட்டிக்குள் ஓடிய, இல்லாத பூச்சியைப் பார்க்க மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “என்ன சமத்தா மேயுது பாரேன்” என்று வேறு சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் குறை கண்டுபிடித்தேன். “உன் உலகத்துல சாப்பாடு எல்லா இடத்துலயும் சமமா விழுதே, எந்த ஊர்லடி அப்படி? வாய்க்கால் மாதிரி ஒரு பக்கத்துலேருந்து விட்டுப் பாரு. தலைமடை தின்னது போக மிச்சம் கடைமடைக்கு.”

நீ ஒரு காகிதத்தை இழுத்து வாய்க்கால் போல் கோடு போட்டுப் பார்த்தாய். “நல்லா இருக்கேக்கா. ஆனா கடைமடைல ஒண்ணும் மிஞ்சாது. எல்லாம் செத்துடும்” என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. உன் பிறந்த ஊர் வலங்கைமான், என்னுடையது கடைமடையில் கீழ்வேளூர். நீங்கள் நாற்றுவிட்ட பிறகும் நாங்கள் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நின்றோமே தவிர செத்துப்போகவில்லை. “பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னேன்.

திரும்பிப் போய் நிஜமாகவே செய்தாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உன் மெயில்களைப் படிப்பேன். பனி, கருத்தரங்கு, கைதட்டல். “இந்த யோசனை எப்படி வந்துதுன்னு எல்லாரும் கேக்கறாங்கக்கா” என்று எழுதியிருந்தாய். நீ என்ன பதில் சொன்னாய்? அதை எழுதவேயில்லையே. என் பெயரைச் சொன்னாயா, சுகந்தி?

அப்புறம் மெயில் குறைந்தது. உனக்கு ரத்தப் புற்று என்று தம்பி, உன் வீட்டுக்காரர், போனில் சொன்னார்.

போன மாதம் உன் லேப்டாப்போடு வந்தார். “அவ ஆராய்ச்சிக் கட்டுரை பாதியில நிக்குது அண்ணி. நீங்கதான் முடிக்கணும்” என்று என் மேசையில் வைத்து, ஓடவிடவும் சொல்லிக்கொடுத்தார். ஓடவிட்டேன். தலைமடையில் ஒரே இனம், தின்று கொழுத்து, அச்சில் வார்த்ததுபோல் கிடக்கிறது. கடைமடையிலோ எத்தனை விதம்! சாப்பாடு வரும்வரை அசையாமல் கிடப்பது ஒன்று. மேலே இருப்பவை வேண்டாமென்று விட்டதைத் தின்று பிழைப்பது இன்னொன்று. சந்தேகப்பட்டு மறுபடி மறுபடி ஓட்டினேன். ஒருமுறைகூடக் கடைமடை காலியாகவில்லை.

“பார்த்தியாடி” என்று வாய்வரை வந்தது. வீட்டில் அத்தை மட்டும்தான் இருந்தார்.

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். நேற்று தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். “சுகந்தி பேர் முதல்ல இருக்கட்டுமே அண்ணி. அவளுக்கு வேற என்ன செய்யப்போறோம்?” அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். என் வீட்டுக்காரர், உன் பெரியத்தான், பேப்பரிலிருந்து நிமிரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இருப்பவளோடு மல்லுக்கட்டலாம். செத்துப்போனவளோடு என்ன செய்வது? ஊரே உன் பக்கம்.

இன்று காலை முடிவு செய்துவிட்டேன். யோசனை என்னுடையது, புரோகிராம் உன்னுடையது. சரிக்குச் சரி. நீ இங்கே நின்று “நான்தான் முதல்ல” என்று ஒரு சண்டை போட்டிருந்தால், ரெண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு விட்டுக்கொடுத்திருப்பேன். அது உனக்கும் தெரியும். சண்டை போடாமல் போனவளுக்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் பெயர்தான் முதலில் வரும். பக்கத்திலேயே உன் பெயர். இனி இந்தப் பூச்சிகளைப் பற்றி நான் எழுதுவது எதிலும் அது விட்டுப்போகாது, இது சத்தியம். பிடிக்கவில்லையென்றால் வந்து கேள்.

உன் மூத்த ஓரகத்தி,
கமலா