கெடுத்தது உன் தங்கச்சி இல்லை

பையின் ஜிப்பைத் திறந்ததும் ஈரம் பட்ட யூரியா வாடை அடித்தது. உரமூட்டை அடுக்கிய அறையில்தானே நீ உட்கார்ந்து புரோகிராம் எழுதுவாய். உன் லேப்டாப்பின் கீபோர்டு இடுக்கெல்லாம் அந்த வாடை ஏறிக் கிடக்கிறது. உன் தங்கச்சி கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி, வில்லியனூரில் என் வீடு வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"அண்ணா, உள்ள அவன் போட்டோல்லாம் இருக்குது. அம்மா கேட்டுனே இருக்குது. எடுக்க முடியுமா பாருண்ணா." வாசலிலேயே கொஞ்சம் நின்றாள். "நான்தான் கெடுத்துட்டன். அவனே சொன்னான்."

நீ போய் நாலு மாதம் ஆகிறது. ஒன்பது நாள் காய்ச்சலில் போனாய். அதற்கு ஒரு மாதம் முன்பே லேப்டாப் நின்றுபோயிருந்தது. தோழியின் பென் டிரைவைச் செருகி அவள் பாட்டு ஏற்றினாள், அதிலிருந்து வைரஸ் வந்துவிட்டது என்று வீடே நம்பியது. நீயும் நம்பினாய். அதன் பிறகு அவளோடு நீ சரியாகப் பேசவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போட்டோ எடுப்பது பெரிய வேலையில்லை. என் பென் டிரைவிலிருந்து பூட் செய்து லேப்டாப்பை எழுப்பினேன். டிஸ்க் நன்றாகவே இருந்தது. அரை மணியில் எல்லாவற்றையும் நகலெடுத்தாயிற்று. அதோடு மூடி வைத்திருக்கலாம். ஆனால் டிஸ்க் நன்றாக இருந்தால் இது ஏன் எழுந்திருக்கவில்லை? பதில் எங்கே இருக்கும் என்று எனக்குப் பாதி தெரிந்திருந்தது.

என் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நீ லேப்டாப்பையே ஓட்டுகிற அடிப்படை புரோகிராமான கெர்னலைப் படிக்கக் கிளம்பினாயே, நினைவிருக்கிறதா? பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் இருந்தோம். எனக்கு வேலை கிடைத்தது, நீ அப்பாவோடு கரும்புக்குப் போனாய். வயலிலிருந்து வந்து கை கால் கழுவியதும் உன் மெசேஜ் வரும். "பிரிண்ட் போட்டன், ஸ்க்ரீன்ல ஒண்ணியும் காணோம்." கெர்னல் ஸ்க்ரீனில் எழுதாது, அதன் குறிப்பேட்டில், லாகில் பாரு என்பேன். "மாட்யூல் ஏத்துனா வெர்ஷன் தப்புன்னுது." எந்தக் கெர்னல் ஓடுகிறதோ அதற்கே கம்பைல் பண்ணுடா மண்டு என்பேன். எல்லாம் முதல் வாரத்துக் கேள்விகள். எனக்குப் பொறுமை கிடையாது, உனக்குத் தெரியும்.

ஒருநாள் போனிலேயே கேட்டாய். "சாதா புரோகிராம்ல தப்பு பண்ணா அது மட்டும் சாவுது. கெர்னல்ல பண்ணா மிசினே சாவுது. நம்ப வயலு மடைய ஒடச்சா நம்ப வயலு போவும், ஏரி மதகுல கைய வெச்சா ஊரே போவும். அதான?"

"வந்துட்டாருடா வெவசாய வாத்தியாரு" என்றேன். நீ சிரித்தாய். உண்மையில் அதைவிடச் சரியாக எங்கள் கம்பெனியில் எவனும் சொன்னதில்லை. அதை உன்னிடம் நான் சொல்லவில்லை.

பிறகு நீ ஒரு சின்ன மாட்யூல் எழுதினாய், கெர்னலுக்குள் ஏற்றுகிற துண்டு புரோகிராம். வைஃபையில் எவ்வளவு டேட்டா போகிறது என்று பத்து விநாடிக்கு ஒருமுறை எண்ணுவது. கெர்னலிடம் வைஃபை கார்டைத் தேடச் சொல்லி, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். நன்றாகவே ஓடியது. தினம் தினம் கையால் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றாய். பூட் ஆகும்போதே தானாக ஏறும்படி ஒரு ஃபைலில் பேரைப் போட்டுவிடு என்றேன். அப்போது நீ கேட்டாய், "தேடிக் கெடைக்கலன்னா இன்னா ஆவும்?"

நான் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "கெடைக்கும்டா. போடு."

அந்த ஃபைலை இப்போது திறந்து பார்த்தேன். உன் மாட்யூலின் பேர், ஒரே வரி. ஃபைல் தேதிகளைப் பார்த்தால், தங்கச்சி பாட்டு ஏற்றிய அதே நாள், காலையில் எழுதியது. நீ லேப்டாப்பை அணைக்கவே மாட்டாய், மூடித்தான் வைப்பாய். சாயந்தரம் அவள் பாட்டு ஏற்றிவிட்டு முறையாக அணைத்திருக்கிறாள். மறுபடி போட்டபோது வைஃபை கார்டு எழுந்திருக்கும் முன்பே உன் மாட்யூல் எழுந்து, அதைத் தேடி, கிடைக்காமல், இல்லாத ஒன்றைத் தொட்டு, மொத்தமும் விழுந்தது. போடும்போதெல்லாம் விழுந்தது. தேடியது கிடைத்ததா என்று பார்க்க ஒரு வரி போதும். உன் கோடில் அந்த வரி வர வேண்டிய இடத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: "கெடைக்கலன்னா? கேட்டன். கெடைக்கும்னான்."

எழுந்து முற்றத்தில் போய் நின்றேன். பிறகு வந்து, அந்த மாட்யூலை ஏற்றாதே என்று பூட் வரியில் ஒரு சொல் சேர்த்தேன். லேப்டாப் எழுந்தது. ஐந்து நிமிட வேலை. லேப்டாப் நின்றபோது நீ என்னை இரண்டு முறை கூப்பிட்டிருந்தாய். "கருப்பு ஸ்க்ரீன்ல என்னமோ ஓடுது, ஒருவாட்டி வர்றியா" என்று மெசேஜும் போட்டிருந்தாய். புதிதாக ஓஎஸ் போடு என்று பதில் அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். உன் வீடு பத்து கிலோமீட்டர் சொச்சம்தான்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று பஸ்ஸில் மூன்று முறை முடிவெடுத்தேன். உன் அம்மா போட்டோக்களைப் பார்த்து அழுது முடித்ததும், "இவ கை வெக்காம இருந்திருந்தா அவன் ஆசப்பட்ட வேலைக்காவது போயிருப்பான்" என்று ஆரம்பித்தார். தங்கச்சி தலை குனிந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது இவளால கெடல. நான் சொன்னத அவன் செஞ்சான். அதனால கெட்டுச்சு."

"நீ இன்னாடா பண்ண? நீதான் இந்தப் பக்கம் வரவே இல்லியே" என்றார் அம்மா. திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

தங்கச்சிக்குப் புரிந்தது. பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் கேட்டாள். "அப்ப அவனுக்கு இது தெரியாதா?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும் நான்தான்னு நெனச்சினு இருந்தானா?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவள் கேட்டதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கெடுத்தது அவள் இல்லைடா. நான்.

இப்போதெல்லாம் யாராவது "ஒரு நிமிஷம் வந்து பாக்கறியா" என்று மெசேஜ் போட்டால் பதில் எழுதுவதில்லை, நேரே கிளம்பிவிடுகிறேன். பாதிப் பேர் எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் முகத்தைப் பார்க்கும் வரை, தாமதமாகிவிட்டதோ என்று வழியெல்லாம் மணியைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.