நெய் விழுந்த சோறு

பம்பாய்
12.8.1972

என் அன்புக் காத்தாயிக்கு, பக்கிரி எழுதுறது. நான் சுகமா இருக்கேன். நீ எப்படி இருக்கே? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

குடிசையைப் பிரிக்க வந்த மிராசுதார் ஆளுங்களை நீ அரிவாளோட மறிச்சு, மனைப்பட்டா கைக்கு வர்ற வரைக்கும் பால், தயிர், மீன், கறி எதையும் தொடமாட்டேன்னு மாரியம்மன் மேல சத்தியம் பண்ணினியே, அதை நானும் இங்க காப்பாத்துறேன். ரூமுல நான்தான் சமையல். தேங்காய் அரைச்சு ஊத்தின என் பூசணிக்காய்க் குழம்புன்னா கூட இருக்கிறவங்க சட்டியையே வழிச்சுடறாங்க.

ஞாயித்துக்கிழமை அவங்களோட ஓட்டலுக்குப் போனேன். சர்வர் கேக்காமலே சோத்துல நெய்யை ஊத்திட்டான். வேற இலை போடச் சொன்னேன்.

"நெய் வேணாமா? சாமியாரா நீ?"ன்னு சிரிச்சான்.

"இல்லய்யா, காத்தாயி புருஷன்"னேன். நெஞ்சு நிமிந்துதான் சொன்னேன்.

இங்க யாராவது வந்தா சுண்டைக்காய் வத்தல் கொடுத்தனுப்பு. மோர்ல ஊறவைக்காதே, உப்புத்தண்ணி போதும். நீயே காயவச்சதா இருக்கட்டும்.

ஷிப்டுக்குச் சங்கு ஊதிட்டான். பட்டா வந்துட்டாலும் நான் வர்ற வரைக்கும் தயிர்ச்சட்டியைத் திறக்காதே. முதல் உருண்டை உன் கையாலதான் எனக்கு.

உன்
பக்கிரி